செல்லையா அண்ணாச்சி சொல்லியனுப்பிய சேதி

செல்லையா அண்ணாச்சி போய்விட்டார் என்று ஜீப் ஸ்டாண்டிலிருந்து போன் வந்தபோது, பீர்மேட்டு வளைவொன்றில் மூடுபனி விலகக் காத்து நின்றிருந்தேன். அழுகைக்கு முன்னால் பயம்தான் வந்தது. ஏன் என்று, அவரோடு வண்டி ஓட்டிய உங்களிடமாவது சொல்லிவிட வேண்டும்.

வெள்ளைக்காரப் பயணிகளுக்கு அவர்கள் ஊரையே பேச்சில் சுற்றிக்காட்டுவாரே, ஞாபகம் இருக்கிறதா? கடல் தாண்டாத மனிதர். லண்டன் டவர் பாலம் எப்படித் திறக்கும், எந்தப் பக்கத்துக் கிராமங்களில் ஆட்டு மந்தையும் கல்வேலியும் அழகு என்றெல்லாம் அளப்பார். பயணிகள் வாயைக் கிளறிச் சேர்த்த சரக்கு என்று கிண்டலடிப்போம். ஆனால் அவர் விலாவாரியாகச் சொன்ன ஒரு கிராமத்தைப் பற்றி மட்டும் எந்தப் பயணியும் அவரிடம் சொன்னதில்லை.

தேயிலைக் காட்டுக்குள், வெள்ளைக்காரர் காலத்தில் காய்ச்சலில் இறந்த எஸ்டேட் சின்ன துரையின் கல்லறையில் அந்த ஊர்ப்பெயர் வெட்டியிருக்கிறது. மலையேறும் முன் நாமெல்லாம் அங்கே ஒரு பீடியைப் பற்றவைத்து வைத்துவிட்டுப் போவோம். அண்ணாச்சி மட்டும் உட்கார்ந்து பேசிவிட்டு வருவார்.

போன வருஷம், லண்டனில் நர்ஸாக இருக்கும் மகளைப் பார்க்கக் கிளம்பினேன். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மாரி, அந்தூருக்குப் போடே. சர்ச்சுக்குப் பின்னால துரையோட அம்மா கல்லு இருக்கும். ஒங்க பிள்ளை எங்ககிட்ட பத்திரமா இருக்காருன்னு சொல்லிட்டு வா. அம்மாவுக்குத் தெரியாதேன்னு அவரு அழுதுக்கிட்டே கிடக்காரு."

நான் போகவில்லை. மணிக்கூண்டு, அரண்மனை, திறக்கிற பாலம் எல்லாம் பார்த்தேன். மகளோடு வேறொரு கிராமத்தில் ஓடைப் பாலத்தின் மேல் நின்று படமும் எடுத்துக்கொண்டேன். செத்தவர்களுக்குத் தூது போக வெட்கமாக இருந்தது. ஊருக்கு வந்து அந்தப் படத்தைக் காட்டி, "சொல்லிட்டேன் அண்ணாச்சி" என்று கூசாமல் பொய் சொன்னேன்.

வெகுநேரம் பார்த்தார். "இது அந்தூர்ப் பாலம் இல்லடே. அதுக்கு மூணு வளைவு. நீ போகல."

கோபமே இல்லை அந்தக் குரலில். பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவும் இல்லை.

இனி அண்ணாச்சியே துரையிடம் என் பொய்யைச் சொல்லிவிடுவாரே என்ற பயத்தில், அடக்கம் முடிந்த மறுநாள் மகளை அந்த ஊரைப் பற்றி விசாரிக்கச் சொன்னேன். பாலத்தின் படத்தை இணையத்தில் தேடி அனுப்பினாள். மூன்று வளைவு.

மறுபடி விசாவுக்கு எழுதிப் போட்டிருக்கிறேன். அண்ணாச்சியிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்த வேலை ஒன்றுதான். நேற்று நட்டநடுப் பகலில், கல்லறையில் பீடி வைக்கக் குனிந்தபோது எனக்கும் அழுகை கேட்டது. பக்கத்திலேயே யாரோ நம்ம தமிழில் தேற்றிக்கொண்டிருந்தார்கள்: "அழாதீங்க துரை. மாரி போவான்."