மலை மேலே ஏறிய மாதம்

எங்கள் தோட்டத்து லயத்துக்கு, பன்னிரண்டு குடும்பம் இருக்கும் வரிசை வீடுகளுக்குப் பின்னால் மலை வெடித்திருக்கிறது. வெடிப்புக்குள் என் கை முழங்கை வரை போகும். வேறு இடத்தில் வீட்டுக்குக் காணி வேண்டுமென்றால் மலை நகர்கிறது என்று நிரூபிக்க வேண்டும் என்றார்கள் பதுளை அதிகாரிகள். கையை விட்டுக் காட்டியது போதவில்லை.

போன வருடம் எதிர்மலையில் ஒரு கெமராவைக் கொண்டுவந்து பூட்டினார்கள். கெமராவால் இப்படி அளந்தால் சரியாக வருமா என்று சோதித்துப் பார்க்க எங்கள் மலைதான் கிடைத்தது. தேயிலைக்குள் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட பலகைகளை நட்டார்கள். அசையாத பாறை ஒன்றில் ஒரு பலகை. மற்றவை அதிலிருந்து எவ்வளவு விலகுகின்றன என்பதுதான் அளவு. இது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. பலகைகளைத் துடைப்பது என் வேலை; துடை என்று மட்டும்தான் சொன்னார்கள். மூடுபனி விழுந்தால் படம் இல்லை. அப்புத்தளைப் பக்கத்தில் மூடுபனி விழாத நாள் எது என்று அந்தக் கெமராவை வாங்கியவரைத்தான் கேட்க வேண்டும்.

அவர்கள் தேடிப் பிடித்த அசையாத பாறை எங்கள் முனியாண்டிக் கல். திருவிழாவுக்கு முன் அதைக் கழுவி, வெள்ளையடித்து, காவிக் கோடு போடுவோம். பலகை குறுக்கே நின்றது. கழற்றினோம். பழைய ஓட்டைகளைச் சீமெந்தால் அடைத்துவிட்டு, ஒரு சாண் கீழே தள்ளிப் பூட்டினோம். பலகையைப் பிடித்திருந்தது நான்.

"இன்னும் எறக்கு தங்கச்சி. சாமி மூக்குல ஆணி அடிக்கச் சொல்றியா?" என்றார் பக்கத்து வீட்டு அண்ணன். எல்லோரும் சிரித்தோம். அதே கல்தானே என்று நினைத்தேன்.

அடுத்த மாதம் கெமராவுக்குப் பொறுப்பான உத்தியோகத்தர் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர்.

"அக்கா, உங்கட மலை ஒரே நாளில ஒரு சாண் மேல ஏறியிருக்கு."

"மலை மேல ஏறுமா சார்?"

"ஏறாது. ஆர் பலகையில கை வச்சது?"

சொன்னேன். "அந்த ஒரு சாணைக் கழிச்சிருங்க சார்."

"ஆற்ற கைச் சாண்? உங்கட மலை மாசத்துக்கு ஒரு நெல்லளவுதான் நகரும். எனக்கு மில்லிமீட்டர் வேணும். பழைய ஓட்டை எங்க?"

"பூசிட்டோங்க."

கல்லைத் தடவிப் பார்த்தார். "வடிவாத்தான் பூசியிருக்கிறீங்கள்."

"முன்ன எடுத்த படங்க இருக்குதுங்களே?"

"அந்த அசைவு கெமராவின்ர அளவுப் பிழைக்குள்ளயே நிக்குது. நகருதெண்டும் சொல்லேலாது, நகரேல்லையெண்டும் சொல்லேலாது. ஒரு வருசம் விடாம ஓடியிருந்தாத் தெரிஞ்சிருக்கும்."

"அப்ப மறுபடி ஆரம்பிங்க சார்."

"அடுத்த கிழமை கெமரா வேற இடத்துக்குப் போகுது, அக்கா."

அவர் ஏசவில்லை. ஏசியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை கேட்டிருப்பேன்.

பதுளையிலிருந்து கடிதம் வந்தது. அசைவு நிரூபிக்கப்படவில்லை, ஆகவே காணி இல்லை. நான் செய்தது பிழைதான். ஆனால் பன்னிரண்டு குடும்பத்தின் உயிரை ஒரு பலகையில் மாட்டிவிட்டுப் போன படித்தவர்களில் ஒருவருக்குக்கூட, இது என்ன கல் என்று கேட்க வாய் வரவில்லை. ஏன் தொடக்கூடாது என்று எனக்குச் சொல்லவும் வரவில்லை.

பெருமழை பெய்தால் பள்ளிக்கூடத்துக்குப் போங்கள் என்று கடிதத்தின் கடைசியில் இருக்கிறது. எது பெருமழை என்று எழுதவில்லை. போன வாரம் மூன்று தடவை பிள்ளைகளோடு போனோம். மூன்றாவது தடவை, சாவியைத் தரும்போது பள்ளிக்கூட அதிபர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நேற்றும் மழை பிடித்துக்கொண்டது. யாரும் போகவில்லை.