உபதேசியார் நிறுத்திய இடம்

சினிமாவை எங்கே நிறுத்த வேண்டும் என்று அருள்ஜோசப் உபதேசியாருக்கு நன்றாகத் தெரியும். ஞாயிறு மறைக்கல்வி முடிந்ததும் கோயில் ஹாலில் கௌபாய் படக் கேசட் போடுவார். சேணமில்லாத காட்டுக் குதிரைகள் புழுதி கிளப்பி ஓடும் இடத்தில் டக்கென்று நிறுத்திவிடுவார். பிள்ளைகள் அழுதுகொண்டு வீட்டுக்குப் போகக் கூடாதாம். படமே அவ்வளவுதான் என்று உத்தனப்பள்ளிப் பக்கத்து அந்த ஊரில் ஒரு தலைமுறையே நம்பியது. பவுலினாவும் நம்பினாள்.

பதினாறு வயதில் அவளை நூல் மில்லுக்கு அனுப்பியதும் அவர்தான். "ஆஸ்டல் இருக்குது, படிக்கவும் வைப்பாங்க. புள்ள குதிரையாட்டம் திரும்பி வருவா" என்றார். பூட்டிய கேட்டுக்குள் மூன்று வருஷம். புத்தகம் கண்ணில் படவில்லை. சுண்டுவிரல் மெஷினோடு போயிற்று. திரும்பி வந்தவளிடம், "ஆண்டவர் சித்தம்" என்றார் அந்த மகராசன். அதை அவள் இருபது வருஷமாக மன்னிக்கவில்லை.

இப்போது ஓசூர் கம்பெனியொன்றில் அவள் சூப்பர்வைசர். போன வருஷம்தான் அந்தப் படத்தை செல்போனில் முழுசாகப் பார்த்தாள். குதிரைகள் ஓடிய மறுநிமிஷமே கழுத்தில் கயிறு விழுகிறது. வீசுகிறவன் வில்லன்கூட இல்லை, கதாநாயகன்.

கோயில் திருவிழாவில் அதே படம் வேண்டும் என்று ஊரார் கேட்டார்கள். லேப்டாப் பவுலினா கையில். முன்வரிசையில் பத்தாவது முடித்த பெண்கள். படம் முடிந்ததும் புது மில்லில் சேர்க்கக் கையெழுத்து வாங்க, ஃபாரங்களோடு உபதேசியார். அண்ணன் மகள் வின்சியும் அந்த வரிசையில் இருந்தாள். பவுலினா எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். "உபதேசியார் பொய் சொல்வாரா?" என்று அண்ணன் வாயை அடைத்துவிட்டான்.

குதிரைகள் ஓடின.

"போதும், நிறுத்தும்மா" என்றார் உபதேசியார்.

"இருங்க ஐயா. மீதியும் பாக்கட்டும்."

கயிறு விழுந்தது. காலைக் கட்டி மண்ணில் சாய்த்தார்கள். பழுக்கக் காய்ச்சிய கம்பி தொடையில் பட்டதும் குதிரை அலறியது.

"ஐயோ, இதெல்லாம் அன்னைக்கு இல்லையே!" என்றாள் பின்வரிசையில் பவுலினா வயதுக்காரி ஒருத்தி.

"இருந்துச்சு. ஐயாதான் காட்டல." பவுலினா எழுந்து விளக்கைப் போட்டாள். "மில்லுலயும் மீதி இருக்குது. நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

கிழவர் ஃபாரங்களை மடியோடு அணைத்துக்கொண்டார். யாரும் அவருக்குப் பரிந்து பேசவில்லை. அண்ணன் எழுந்து வந்து, அவர் மடியிலிருந்த ஃபாரங்களில் வின்சியின் பெயரைத் தேட ஆரம்பித்தான்.

பவுலினாவுக்குத் துளி இரக்கம் வரவில்லை. மைக்கைக் கொண்டுபோய் அவர் வாய்க்கு நேராகப் பிடித்தாள்.