ஒற்றை மூக்கின் நாற்றம்

முதலில் தலையணைதான் நாறியது. காலையில் எழுந்து பார்த்தால் அதன் இடது பக்கத்தில் பச்சையும் மஞ்சளுமாக ஒரு கறை. செத்த எலியைத் துணியில் சுற்றி வைத்த மாதிரி வீச்சம். உறையைத் துவைத்துப் போட்டேன். மறுநாளும் அதே கண்றாவி. கட்டிலுக்கு அடியில் எலியைத் தேடித் துழாவினேன். எலி இல்லை.

உங்களில் யாருக்காவது இப்படி இருந்தால், என்னைப் போல மாதக்கணக்கில் எலி தேடிக்கொண்டிருக்காதீர்கள். அதற்காகத்தான் வெட்கத்தை விட்டு இந்த அசிங்கத்தையெல்லாம் எழுதுகிறேன்.

ரெங்கம் என்ற ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், பாலை ரப்பராக்கும் ஸ்டோரில் எனக்கு வேலை. மரத்திலும், பால் பிடிக்கும் மங்கிலும் உறைந்துபோன பாலைச் சாக்கில் கொண்டுவந்து கொட்டுவார்கள். கட்டிப்பால் என்று அதற்குப் பெயர். மழையில் ஊறி, அழுகி, புழு நெளிய வரும். அதை அலசி மெஷினில் கொடுப்பது எங்கள் வேலை. அந்த நாற்றம் சொல்லி மாளாது. அதனால் ஸ்டோரில் எல்லாரும் ஒரு காரியம் செய்வோம். அன்றைக்கு உறைந்த புதுப்பாலில் ஒரு துணுக்கைக் கிள்ளி, உருட்டி, இரண்டு மூக்கிலும் அடைத்துக்கொள்வோம். பஞ்சு மாதிரி மெத்தென்று இருக்கும். வேலை முடிந்ததும் பிடுங்கி எறிந்துவிடுவோம். வெற்றிலை போடுவது போல அது எங்களுக்குச் சாதாரணம்.

ஸ்டோர்க்காரன் நாறினால் யார் கவனிக்கப்போகிறார்கள்? என் கூட நிற்பவனும் நாறுகிறான். சொல்லக்கூடிய ஒருத்தி என் மனைவி அஞ்சலை. அவளோ தலைப்பிரசவத்துக்குத் தெப்ராவில் தாய்வீட்டில் இருந்தாள். பெண் குழந்தை பிறந்த சேதி வந்தது. ஸ்டோரில் லீவு கிடைக்கவில்லை. முகம் பார்க்காத மகளை நினைத்துக்கொண்டே மூக்கைச் சிந்தினேன். சீழும் கொஞ்சம் இரத்தமும் வந்தது. சளி முற்றிவிட்டது என்று விட்டுவிட்டேன்.

குழந்தைக்குத் தலை நின்ற பிறகு அஞ்சலை அம்மாவோடு வந்து இறங்கினாள். நான் பல்லைக் காட்டிக்கொண்டு கையை நீட்டினேன். அவள் முந்தானையால் தன் மூக்கை மூடவில்லை, குழந்தையின் மூக்கை மூடினாள்.

"ஏங்க, என்னங்க இது இப்படி நாறுது?"

"ஸ்டோர்லேருந்து நேரா வர்றேன்ல."

"ஸ்டோர் நாத்தம் எனக்குத் தெரியாதா? இது வேறங்க."

மாமியார் நடுவில் வந்து நின்றுவிட்டார். "மாப்பிள்ளே, அங்கேயே நில்லுங்க. மூக்கு அழுகினா அது என்ன சீக்குன்னு எனக்குத் தெரியும். எங்க பக்கத்துல ஒருத்தர அப்படித்தான் வண்டியில ஏத்திக்கிட்டுப் போனாங்க. திரும்பி வரல."

குஷ்டம் என்ற வார்த்தையை அவர் சொல்லவில்லை. அன்று முதல் எனக்குத் தனித் தட்டு, தனிப் பாய். லயத்து வீட்டு வாசலில் படுத்துக்கொண்டு, உள்ளே என் மகள் அழுவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெசர் கைக்குட்டையால் தன் மூக்கைப் பொத்திக்கொண்டு, விளக்கைத் தூரத்தில் பிடித்து எட்டிப் பார்த்தார். பீனிசம் (மூக்கின் உட்தோல் கெட்டு நாறும் நோய்) என்றார். உப்புத் தண்ணீரை மூக்கில் உறிஞ்சி வாய்வழியாகத் துப்பச் சொன்னார். உறிஞ்சினேன். தொண்டைக்குள் இறங்கிய அந்தக் கொழகொழப்பை நினைத்தால் இப்போதும் குமட்டுகிறது, தூ! மாமியார் நொச்சியைக் கொதிக்க வைத்து, பானையை ணங்கென்று வைத்துவிட்டு ஓடிப்போய் நின்றார். ஆவி பிடித்ததில் நாற்றம்தான் சூடானது.

எந்த வைத்தியத்துக்கும் கேட்காததைப் பார்த்து டிரெசர் குரலைத் தாழ்த்தினார். "இதுக்கு மேல நான் மறைக்க முடியாதுப்பா. குளுவாங் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ. அங்க அந்தச் சீக்குன்னு சொல்லிட்டா, முகாமுக்குத்தான்."

முகாம் என்றால் குஷ்டரோகிகளை அடைத்து வைக்கும் இடம். மாமியார் அன்றே பெட்டியைக் கட்டிவிட்டார். நான் குளுவாங்கிலிருந்து என்ன பதிலோடு வருகிறேனோ, அதைப் பொறுத்து மகளையும் பேத்தியையும் கூட்டிக்கொண்டு கிளம்புவதாகப் பேச்சு. அஞ்சலை ரயிலடி வரைக்கும் வந்தாள், குழந்தையை விட்டுவிட்டு.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் நான் உட்கார்ந்த பெஞ்சு காலியாகிவிட்டது. காலில் புண்ணோடு வந்த ஒரு சீனக் கிழவர்கூட எழுந்து போய்ச் சுவரோரம் நின்றார். அவர் புண்ணில் ஈ மொய்த்துக்கொண்டிருந்தது. அந்தப் புண்ணுக்கே நான் ஆகவில்லை.

டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். மூக்கைப் பொத்தவில்லை. முதலில் என் காது மடலைத் தடவிப் பார்த்தார். கையிலும் காலிலும் ஊசியால் குத்தினார். நான் ஒவ்வொரு குத்துக்கும் "ஆ" என்றேன்.

"நல்லது. தோல் மரக்கேல்லை. அந்த வருத்தத்துக்கு அடையாளம் ஒண்டுமில்லை. நாத்தம் ரெண்டு மூக்கிலையுமோ, ஒண்டிலையோ?"

இதை அதுவரை ஒருவரும் கேட்கவில்லை. நானும் யோசிக்கவில்லை. அவர் என் இடது மூக்கை அமுக்கி மூச்சு விடச் சொன்னார். தன் உள்ளங்கையை நீட்டி முகர்ந்தார். பிறகு வலதை அமுக்கினார். முகத்தைச் சட்டென்று திருப்பிக்கொண்டார்.

"இடது மட்டும்தான். ஒரு பக்கம் மட்டும் இப்பிடி நாறினால், உள்ளுக்கை ஏதாவது கிடக்குதோ எண்டு முதலிலை பாக்கவேணும்."

நெற்றியில் வட்டக் கண்ணாடியை மாட்டி வெளிச்சத்தை உள்ளே பாய்ச்சினார். கோகெயின் (மரத்துப்போகச் செய்யும் மருந்து) நனைத்த பஞ்சை வைத்தார். வளைந்த முனைக் கம்பி ஒன்றை விட்டுக் கொக்கி போட்டு இழுத்தார். கண்ணுக்குப் பின்னாலிருந்தே எதையோ பிடுங்குகிற மாதிரி இருந்தது. தட்டில் 'டக்'கென்று விழுந்தது. கன்னங்கரேலென்று, மேலே சுண்ணாம்புப் பொருக்கு படிந்து, சீழில் ஊறிய ஒரு உருண்டை. தட்டைப் பிடித்திருந்த ஆள் அதைக் கீழே வைத்துவிட்டு வெளியே ஓடி வாந்தி எடுத்தான். எனக்கு மட்டும் ஒரு நாற்றமும் தெரியவில்லை. என் மூக்கு எப்போதோ செத்துவிட்டிருந்தது.

டாக்டர் அதைக் கத்தியால் கீறினார். உள்ளே வெள்ளை வெளேரென்று இருந்தது. "இது என்ன காணும்?"

எனக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. "ரப்பருங்க ஐயா."

வழக்கத்தைச் சொன்னேன். ஒருநாள் மூச்சை இழுத்துத் தும்மியபோது ஒரு துணுக்கு மட்டும் காணாமல் போனது அப்போதுதான் ஞாபகம் வந்தது. வெளியே விழுந்திருக்கும் என்று நினைத்தேன். ரப்பர் குப்பையில் ஒரு ரப்பர் துணுக்கை எவன் தேடுவான்? டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார்.

வீட்டில் நான் சொன்னதை மாமியார் நம்பவில்லை. வலதும் இடதுமாக என் மூக்கை அமுக்கச் சொல்லி, மாடு முகர்வது போலக் கிட்டே வந்து முகர்ந்தார். பெட்டியை அவிழ்க்கவும் இல்லை, கிளம்பவும் இல்லை. சீழ் வடிவது நின்ற பிறகுதான் ஒருநாள் சாயங்காலம் குழந்தையைக் கொண்டுவந்து என் மடியில் போட்டார்.

இத்தனை நாள் காத்திருந்து வாங்கிய பிள்ளை. உச்சியை முகர்ந்தேன். ஒன்றுமே இல்லை. தண்ணீரை முகர்ந்த மாதிரி. எனக்கு அழுகை வந்துவிட்டது. நாற்றம் போனதோடு என் மகளின் வாசனையும் போயிற்றே என்று அவளை நெஞ்சோடு பிடித்துக்கொண்டேன்.

அப்போது மடியில் சூடாக ஏதோ பரவியது. கொஞ்ச நேரத்தில், புளித்த பாலும் வேறென்னவோவும் கலந்த ஒரு நெடி லேசாக ஏறியது. இடது மூக்கில்.

"சீ, நாறுது!" என்று கத்தினேன்.

அஞ்சலை அடுப்படியிலிருந்து பதறிக்கொண்டு ஓடிவந்தாள். "ஐயோ, மறுபடியுமாங்க?"

"நான் இல்ல புள்ளே, இவ!"

மாமியார் குழந்தையை வாங்கக் கையை நீட்டினார். நான் கொடுக்கவில்லை. வேட்டியெல்லாம் வழிய வழிய, அப்படியே உட்கார்ந்திருந்தேன்.