எருமை மேல் மறைசாட்சி

மாதா கோயில் திருவிழா நாடகத்தில், விசுவாசத்துக்காக உயிர்விடும் மறைசாட்சியாக நடிக்க இருந்தவருக்கு அன்றைக்குப் பார்த்து இரண்டாம் ஷிப்ட் போட்டுவிட்டார்கள். மத்தியானம் ஃபாதருக்கு போன் செய்து மன்னிப்புக் கேட்டார். ஒத்திகையில் எல்லாருக்கும் வசனம் எடுத்துக்கொடுத்தவள் நான். முழு நாடகமும் எனக்கு மனப்பாடம். ஃபாதர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"மீசை ஒட்டிக்கலாம்மா."

கன்னியாகுமரிப் பக்கமிருந்து ஒரகடம் வந்து, போன் கம்பெனி அசெம்பிளி லைனில் நின்றுகொண்டிருந்த நான் இப்படித்தான் ராஜாவின் அதிகாரியானேன்.

கதை எங்கள் ஊர்க் கதைதான். அரண்மனையில் பெரிய உத்தியோகத்தில் இருந்தவர் கிறிஸ்தவரானார். விட்டுவிடச் சொன்னார்கள், மாட்டேன் என்றார். விலங்கு மாட்டி, எருக்கம்பூ மாலை போட்டு, எருமை மேல் வால்பக்கம் பார்த்து உட்காரவைத்து, ஊர் ஊராக அடித்துக்கொண்டு போனார்கள். வருடக்கணக்கில் சிறை. கடைசியில் ஒரு மலையில் சுட்டுக் கொன்றார்கள். சின்ன வயதில் அந்த மலைக்குப் பலமுறை போயிருக்கிறேன். அங்கே கிடைக்கும் சுக்குக்காப்பிதான் எனக்கு முக்கியம்.

எருக்கம்பூவுக்குப் பஞ்சமில்லை, கம்பெனி மதில் ஓரமெல்லாம் பூத்துக்கிடந்தது. எருமையை எங்கள் ஹாஸ்டலுக்குப் பால் ஊற்றும் வல்லக்கோட்டை அக்கா ஓட்டிவந்தார். கிருத்திகை தவறாமல் முருகன் கோயிலுக்குப் போகிறவர்.

"கொழந்த மாதிரிம்மா இது. பயப்படாத," என்றார்.

சிப்பாய்களாக வந்தவர்கள் என் அறைத்தோழிகள் இருவர். ஹாஸ்டல் கேட் சங்கிலியால் என் கைகளைக் கட்டி, தூக்கி உட்காரவைத்தார்கள். அந்த நேரம் பார்த்து பேண்டுக்காரர் டிரம்மை ஓங்கி அடித்தார். எருமை மிரண்டு கிளம்பிவிட்டது. பின்பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்ததால் அது எங்கே போகிறதென்று எனக்குத் தெரியவில்லை. மேடையும், அங்கியைத் தூக்கிப் பிடித்தபடி ஓடிவரும் ஃபாதரும் தூரமாகிக்கொண்டே போனது மட்டும் தெரிந்தது.

பஸ் ஸ்டாப்பில், வேலை முடிந்து யூனிஃபார்மோடு இறங்கிய கூட்டம்.

"இன்னாக்கா, ஷூட்டிங்கா?"

"யண்ணே, பிடிங்கண்ணே!" என்று அலறினேன். மீசை பாதி பிய்ந்து உதட்டில் தொங்கியது. சிரித்தார்கள், போனை எடுத்துப் படம் பிடித்தார்கள். இறங்கவும் முடியாது, முகத்தை மூடவும் முடியாது. இரண்டே நிமிஷம்தான். ஆனால் அந்த மனிதர் எத்தனை ஊர்ச் சிரிப்பை இப்படித் தாங்கியிருப்பார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அக்கா ஓடிவந்து நாக்கைச் சொடுக்கினார். எருமை நின்றது. முந்தானையால் என் முகத்தைத் துடைத்து, மீசையை அவரே அழுத்தி ஒட்டினார்.

கடைசிக் காட்சி. நான் முழந்தாளிட்டேன். சிப்பாய்கள் மரத்துப்பாக்கியைத் தூக்கினார்கள். முன்வரிசையிலிருந்து அக்காவின் குரல்:

"யம்மாடி, அந்தாளு இன்னா தப்பு பண்ணாரு? வுட்ருங்கடி!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. பிறகு அவர் அழுவதைப் பார்த்து அடங்கியது. ஒரு தோழியின் துப்பாக்கி தானாகத் தாழ்ந்தது. ஒத்திகையில் நான் கத்திச் சொல்லிக்கொடுத்த ஜெபத்தை அன்று மெதுவாகத்தான் சொல்ல முடிந்தது. மேடைக்குப் பின்னால் பட்டாசு வெடித்தது. விழுந்தேன்.

அன்னதானப் பந்தியில் அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"செத்தப்புறம் இன்னா ஆச்சு?"

"காட்டுல போட்டுட்டுப் போயிட்டாவ. ஜனங்க தேடிப்போயி எலும்ப எடுத்துட்டு வந்து கோயில்ல அடக்கம் பண்ணுனாவ."

"நல்ல சனங்க." சாம்பாருக்காகச் சோற்றில் குழி பறித்தார். "அந்த எருமை?"

எனக்குத் தெரியவில்லை. சாம்பார் வாளியோடு வந்த ஃபாதரைக் கேட்டேன். அவர் அக்காவின் இலையில் ஒரு கரண்டி ஊற்றினார்.

"நல்லாதாம்மா இருந்திருக்கும்," என்றார்.

"யாரு பாத்துக்கினாங்களோ," என்றபடி அக்கா இலையில் அப்பளத்தை நொறுக்கினார்.