நெஞ்சுவலிக்கு ஓமத் தண்ணீர்

என்னைவிடப் பெரிய அசடன் டெல்லியில் இருக்க முடியாது. ஜனவரிக் குளிரில் உடம்பெல்லாம் வியர்த்து நெஞ்சை அழுத்த, கேஸ் என்று நானே முடிவுகட்டி ஓமத்தைக் கொதிக்க வைத்தேன்.

அந்த வாசனை என்னை நான் வளர்ந்த லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸுக்கு இழுத்துப் போனது. கரி அடுப்புப் புகை, காயாத கம்பளியின் நாற்றம். அப்பாவுக்குத் தலைவலிக்குக்கூட ஓமத் தண்ணீர்தான். ஒரு ஜனவரிக் காலையில் ஸ்வெட்டரைக் கழற்றிப் போட்டு வியர்த்தார்.

"கேஸ்தான்டி. ஓமத் தண்ணி குடு, ஜல்தி."

அம்மா கொடுத்ததைக் குடித்துவிட்டு ஆபீஸ் பஸ்ஸைப் பிடிக்க நடந்தார். நிறுத்தத்தில் சரிந்தவர் எழுந்திருக்கவே இல்லை.

இப்போது டம்ளரோடு வியர்த்து நின்ற என்னைப் பார்த்ததுமே என் மகள் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள்.

"அதெல்லாம் எதுக்கும்மா? கீழே போய் ஆட்டோ பிடிக்கலாம். பேரம் பேசற தெம்பு இன்னும் இருக்கு."

"நடக்கக் கூடாதுப்பா, உட்காரு."