இருபதுக்குப் பதினெட்டு எடுத்த தவளை

"இந்த ஆப் உங்கள் பி.சி.யில் இயங்காது."

சென்ற வாரம் செவ்வாய்க்கிழமை சாயங்காலம், கடலூரில் எங்கள் வீட்டு ஹாலில், லேப்டாப் என்னிடம் இப்படிச் சொன்னது. முதல் தடவை மரியாதையாகப் படித்தேன். ஏழாவது தடவை படிக்கவில்லை… முறைத்தேன்.

என் கையில் நான்கு நாட்கள்தான் இருந்தன. சனிக்கிழமை கண் டாக்டரிடம் ரிவ்யூ.

கண்ணுக்கும் கம்ப்யூட்டர் விளையாட்டுக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? சொல்கிறேன்.

என் மகள் தாரிணிக்கு ஆறரை வயது. இடது கண்ணில் பார்வை குறைவு. வலது கண்ணே எல்லா வேலையையும் பார்த்துவிடுவதால் இடது கண் சோம்பேறியாகிவிட்டது என்றார் டாக்டர். தினமும் இரண்டு மணி நேரம் வலது கண்ணை மூடி வைத்து, இடது கண்ணுக்குக் கூர்ந்து பார்க்கிற வேலை கொடுக்க வேண்டும். "ஏழு, எட்டு வயசுக்குள்ள பண்ணிட்டா நல்லா வரும். அப்புறம் கஷ்டம்மா."

அந்த 'அப்புறம்' எங்களோடு பஸ் ஏறி வீட்டுக்கு வந்தது. இன்னும் போகவில்லை.

டாக்டர் எழுதிக் கொடுத்தது தோலில் ஒட்டுகிற பேட்ச். உரித்தால் புருவ முடியோடு வந்தது. அவள் அழுதாள். நான் அவளைவிட அழுதேன். அவள் போடும் மூக்குக்கண்ணாடியில் மாட்டுகிற துணி பேட்ச் ஒன்றை, பட்டாம்பூச்சி படம் போட்டது, ஆன்லைனில் வாங்கினேன். டாக்டரைக் கேட்டேனா? கேட்கவில்லை. எதற்கும் நான்கு பேரைக் கேட்கிற நான், அதை மட்டும் யாரையும் கேட்கவில்லை.

மே மாதம் அவளைச் சிதம்பரத்தில் அம்மா வீட்டில் விட்டேன். என் தம்பி அண்ணாமலை நகரில், மாணவர்கள் தங்கும் லாட்ஜ்கள் இருக்கிற தெருவில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறான். கடை மூலையில் ஒரு பழைய கம்ப்யூட்டர். அதற்குள் அதைவிடப் பழைய ஒரு விளையாட்டு. குளத்தில் ஒரு தவளை. மேலேயிருந்து இறங்கும் பொடிப் பொடிப் பூச்சிகள். தவளையை இடம் வலமாக நகர்த்திப் பிடிக்க வேண்டும். ஓர் ஆட்டத்துக்கு இருபது பூச்சி.

"அக்கா, பேட்ச் போட்டுக்கினு அழாம ஆடுறா. இன்னிக்குப் பதினெட்டு" என்று தம்பி போனில் சொல்வான். இருபதுக்குப் பதினெட்டு. அந்தக் கண்ணால். நான் அதைச் சொல்லாத ஆள் தெருவில் பாக்கியில்லை.

ஜூனில் பள்ளிக்கூடம் திறந்தது. தாரிணி கடலூர் வந்தாள், தவளை வரவில்லை. அன்றிலிருந்து வீட்டில் சண்டை.

"போன்ல இல்லாத கேமா?" என்று என் கணவர் ஐந்து விளையாட்டுகளை இறக்கிக் கொடுத்தார். தாரிணி ஒன்றைக்கூட முழுதாக ஆடவில்லை. "தவளை கேம் தான் வேணும். இல்லன்னா பேட்ச் வேணாம்." பட்டாம்பூச்சி ஃபிரிட்ஜுக்குப் பின்னால் பறந்தது. முழுதாக இரண்டு மணி நேரம் பேட்ச் போட்ட நாள் ஒன்றுகூட இல்லாமல் இரண்டு வாரம் போய்விட்டது.

அப்புறம்தான் தம்பியிடம் அந்த விளையாட்டை அனுப்பச் சொன்னேன். அனுப்பினான். ஒரு போட்டோ அளவுகூட இல்லை. என் லேப்டாப்போ அதை உள்ளேயே விடவில்லை.

"ரைட் கிளிக் பண்ணி, பழைய விண்டோஸ் ஓ.எஸ். மாதிரி நடிக்கச் சொல்லுக்கா" என்றான் தம்பி. சொன்னேன். நடிக்கவில்லை.

"அது பதினாறு பிட்டு கேமு. புது ஓ.எஸ்.ஸுக்கு அந்த பாஷையே தெரியாது."

"அப்ப நாளைக்கே சிதம்பரம் வர்றோம். உன் மூலை கம்ப்யூட்டர்லயே ஆடட்டும்."



"அதுலயும் புது ஓ.எஸ். போட்டுட்டேன்கா. பழசுல புது பிரின்டர் எடுக்கல."

"என்னைக் கேக்காமயா போட்ட?"

"என் கடை பிரின்டருக்கு உன்னை எதுக்குக்கா கேக்கணும்?"

நியாயம்தான். ஆனால் அன்றைக்கு எனக்கு நியாயம் பிடிக்கவில்லை.

புதன்கிழமை அவன் ஒரு குட்டி புரோகிராம் அனுப்பினான். புது கம்ப்யூட்டருக்குள் உட்கார்ந்துகொண்டு பழைய கம்ப்யூட்டராகவே நடிக்குமாம். அதைத் திறந்தால் லேப்டாப் என்னை மிரட்டியது… இதைத் தயாரித்தவர் யாரென்று தெரியாது, அனுமதிக்கிறீர்களா? தாரிணியின் பர்த் சர்டிபிகேட்டிலிருந்து எங்கள் வீட்டுப் பத்திரம் வரை எல்லாம் அதற்குள்தான் இருக்கிறது. அனுமதிக்கலாமா? வைரஸ் வந்தால்? அந்த 'அப்புறம்' வந்தால்? கண்ணை மூடிக்கொண்டு 'ஆம்' என்றேன்.

குளம் வந்தது. தவளை வந்தது. தாரிணி தானாகவே பேட்சை மாட்டிக்கொண்டு ஓடி வந்தாள்.

பூச்சிகள் இறங்கவில்லை. கொட்டின. ஒரு மூச்சு விடுவதற்குள் இருபதும் கொட்டி ஆட்டம் முடிந்துவிட்டது. பூஜ்யம்.

"ம்மா, இது பொய்த் தவளை" என்றாள். கண்ணாடி சோபாவில் போய் விழுந்தது.

மறுபடி தம்பி. "புது மெஷின்ல வேகம் ஜாஸ்திக்கா. இந்த கேம் அந்தக் காலத்து வேகத்த நம்பி எழுதுனது. கன்ட்ரோலையும் எஃப் லெவனையும் சேத்து அழுத்து, கொறையும்."

அழுத்தினேன். ஸ்கிரீனில் வெளிச்சம் ஏறியது. இன்னும் அழுத்தினேன். இன்னும் வெளிச்சம்.

"எஃப்.என். கீயையும் சேத்து அழுத்து."

"எனக்கென்ன மூணு கையா இருக்கு?"

"அம்மாவானா முளைக்கும்னு சொல்றாங்களே."

முளைத்தது. பூச்சிகளின் வேகம் படிப்படியாகக் குறைந்தது. வியாழக்கிழமை சாயங்காலம் தாரிணி ஒரு மணி நேரம் அசையாமல் ஆடினாள். பதினாறு, பதினேழு… பதினெட்டு. எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஷிஃப்டில் இருந்த கணவருக்கு போன் செய்து சொன்னேன்.

சார்ஜர் ஒயரைச் செருகுவதற்காக லேப்டாப்புக்குப் பின்னால் போனேன். அப்போதுதான் அவளை முதல் தடவையாக எதிரிலிருந்து பார்த்தேன்.

முகவாய் லேசாக உயர்ந்திருந்தது. முகம் வலது பக்கம் திரும்பியிருந்தது. துணி பேட்சுக்கும் மூக்குக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளி. அதற்குள் வலது கண் அகலமாகத் திறந்து, ஒரு பூச்சி விடாமல் பார்த்துக்கொண்டிருந்தது.

அப்படியானால் மே மாதம் முழுக்க? அந்தப் பதினெட்டெல்லாம்?

"தாரிணி… எந்தக் கண்ணால பாக்குற?"

தவளை நின்றது.

"எப்பலேருந்து இப்படி?"

"மாமா கடையிலேருந்தே."

"ஏம்மா சொல்லல?"

அவள் கீபோர்டையே பார்த்துக்கொண்டு சொன்னாள். "ஒழுங்கா மூடிக்கினா ரெண்டுதான் வருது. பதினெட்டுன்னாதான் நீ போன்ல சிரிக்கிற."

நான் யாரைத் திட்டுவது?

பழைய விளையாட்டு ஒன்று ஓட வேண்டுமென்றால் புது கம்ப்யூட்டர் தன்னை மந்தமாகக் காட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது. நம் முகத்தில் சிரிப்பு ஓட வேண்டுமென்றால் பிள்ளைகள் தங்களைக் கெட்டிக்காரர்களாகக் காட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது. கம்ப்யூட்டருக்கு எஃப் லெவன் இருக்கிறது. பிள்ளைகள் எதை அழுத்துவார்கள்?

சனிக்கிழமை கிளம்பும்போது கணவர், "டாக்டர்கிட்ட இதெல்லாம் சொல்லணுமா? திட்டப் போறாரு" என்றார். நானும் வழியெல்லாம் ஒரு வாக்கியத்தை ஒத்திகை பார்த்தேன்… 'ஒழுங்கா போட்டோம் சார்.' மூன்றே சொற்கள். நல்ல அம்மா என்று பெயர் கிடைத்துவிடும்.

இடது கண்ணால் தாரிணி எழுத்துப் பலகையைப் படித்தாள். போன தடவை நின்ற அதே வரியில் நின்றாள். டாக்டர் பேனாவை எடுத்தார்.

"பேட்ச் ஒழுங்கா போடுறாளாம்மா?"

தொண்டை வரை வந்த மூன்று சொற்களை விழுங்கினேன். எல்லாவற்றையும் சொன்னேன். துணி பேட்ச், இரண்டு வாரச் சண்டை, மூக்கோரத்து இடைவெளி, தவளை உட்பட.

அவர் எழுதாமல் நிமிர்ந்தார். "ஒழுங்கா போட்டும் இதே வரிதான்னு சொல்லியிருந்தீங்கன்னா, இந்தக் கண்ணு இதுக்கு மேல ஏறாதோன்னு நெனச்சிருப்பேன்."

"இன்னும் டைம் இருக்கா சார்?"

"இருக்கு. இன்னியிலேருந்து எண்ணுங்க."

இப்போது ஒட்டுகிற பேட்ச்தான். உரிப்பதற்கு முன் ஈரத்துணியால் ஒற்றி எடுக்கிறேன், புருவம் தப்பிக்கிறது. விளையாட்டை இன்னும் மெதுவாக்கிவிட்டேன். பூச்சிகள் 'இறங்கலாமா, வேண்டாமா' என்று என்னைப் போலவே யோசித்து யோசித்து வருகின்றன. முதல் நாள் இரண்டு. அடுத்த நாளும் இரண்டு. நான் சிரித்தேன். சிரிப்பு கொஞ்சம் கோணலாக வந்திருக்கலாம்; பழகிக்கொண்டிருக்கிறேன்.

நேற்று தம்பிக்கு மெசேஜ் போட்டேன்: இருபதுக்கு ஐந்து.

"என்னாக்கா, இவ்ளோ கொறஞ்சிடுச்சி" என்று பதில் வந்தது.

குறையவில்லை. ஐந்தையும் பிடித்தது இடது கண்.