மஜ்ஜை யாருடையது

ஓசூரில் வீடு, எல்லைக்கு அந்தப் பக்கம் பெங்களூரில் ஆய்வகம். ஒருவர் உடலில் ஊறிய ரத்த அணுக்களை இன்னொருவர் உடல் ஏன் ஏற்கிறது, ஏன் விரட்டுகிறது என்பதுதான் இத்தனை வருடமாக என் ஆராய்ச்சி. நோயாளிகள் என்னிடம் மூடி போட்ட ரத்த மாதிரிக் குப்பிகளாகத்தான் வருவார்கள். முகம் பார்ப்பது அபூர்வம்.

ஓர் அக்காவையும் அவள் தம்பியையும் மட்டும் பார்த்துப் பழகினேன். தம்பி ஓசூர்ப் பக்கம் தளியிலிருந்து காய்கறி டெம்போ ஓட்டியவன். எலும்பு மஜ்ஜை வறண்டு, ரத்தம் ஊறுவதே நின்றுபோகும் நோய் அவனுக்கு. பல் துலக்கினாலே ஈறு கசியும். மாற்று மஜ்ஜை பொருத்தினால் பிழைப்பான். ஆனால் கூடப் பிறந்தவர்களிலேயே நாலில் ஒரு வாய்ப்புதான் பொருந்த. அவனுக்கு இருந்ததோ ஒரே அக்கா.

அவள் மஜ்ஜை முழுதாகப் பொருந்தியது. முடிவைத் திரையில் பார்த்ததும் என்னால் உட்கார முடியவில்லை. நானே அவளுக்குப் போன் செய்தேன். ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் லைன் சூப்பர்வைசர் அவள்.

"எப்ப எடுப்பீங்க மேடம்? லீவு சொல்லணும்" என்றாள். அவ்வளவுதான் அவள் கேட்டது.

பிறகுதான் ஆரம்பித்தது கூத்து. மாற்று சிகிச்சை செய்ய வேண்டிய மருத்துவமனை, அவள் கணவரின் கையெழுத்து வேண்டும் என்றது. கணவர் பாரூர்ப் பக்கத்துக்காரர். கெட்டவர் இல்லை, பயந்தவர். அவருடைய அம்மா, "முதுகெலும்புல ஊசி போட்டா அப்புறம் புள்ள எப்படிப் பொறக்கும்?" என்று கேட்டிருக்கிறார். அது இடுப்பெலும்பு, எடுத்த மஜ்ஜை சில வாரங்களில் திரும்ப ஊறிவிடும் என்று நானே போய் உட்கார்ந்து விளக்கினேன். "யோசிச்சு சொல்றன்ங்க" என்றார் கணவர். யோசித்துக்கொண்டே இருந்தார். இதற்குள் தம்பிக்குக் காய்ச்சல் வந்தது. எதிர்த்து நிற்க வெள்ளணுக்கள் இல்லாத உடம்பு அது. நுரையீரலில் பூஞ்சை பிடித்துக்கொண்டது.

நான் மருத்துவமனை நிர்வாகியிடம் போனேன்.

"வயசு வந்த பொண்ணு. அவ சம்மதம் போதும்னுதானே விதி?"

"புருஷன் கையெழுத்து வேணும்னு விதியில இல்லதான் மேடம். நாளைக்கு வீட்டுக்காரர் வந்து சண்டை போட்டா யார் பதில் சொல்றது?"

"ஆம்பள மஜ்ஜை குடுத்தா அவன் பொண்டாட்டி கையெழுத்தைக் கேப்பீங்களா?"

அவர் சிரித்தார். நான் ஏதோ நகைச்சுவை சொல்லிவிட்டதைப் போல, நன்றாகவே சிரித்தார். உள்ளே ஒருவன் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருக்க, வெளியே ஒரு மனிதரால் இப்படிச் சிரிக்க முடிந்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு எரிகிறது.

மறுநாள் அவள் ஷிப்ட் முடிந்து சீருடையோடே வந்தாள். இருவரும் தலைமை மருத்துவரின் அறைக்குப் போனோம்.

"என் இடுப்பு, என் ரத்தம், என் தம்பி" என்றாள் அவள். "இதுல மூணாவது ஆள் எங்கேருந்து வந்தாருன்னு சொல்லுங்க சார். இல்லன்னா வேற ஆஸ்பத்திரி பாத்துக்கறன்."

விதியை மீறி மறுக்கிறார்கள் என்று நான் எழுத்தில் கொடுக்கத் தயார் என்றேன். மருத்துவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அவளிடம் பேனாவை நீட்டினார்.

பூஞ்சையை அடக்கிய பிறகு மஜ்ஜை ஏற்றினார்கள். அக்காவின் அணுக்கள் தம்பியின் எலும்புக்குள் குடியேறி ரத்தம் ஊறத் தொடங்கியது. அந்த அறிக்கையைப் படித்து ஆய்வகத்திலேயே அழுதேன். ஆனால் கையெழுத்துக்காகக் காத்திருந்த வாரங்கள் அவன் நுரையீரலில் ஒரு பகுதியைத் தின்றுவிட்டன. பிழைத்தான். தக்காளிக் கூடையைத் தூக்கி டெம்போவில் ஏற்ற மட்டும் இனி அவனால் முடியாது.

சில மாதங்கள் கழித்து மருத்துவமனையில் ஒரு பாராட்டு விழா. நானும் போயிருந்தேன். மேடைக்கு அழைத்தது யாரைத் தெரியுமா? கணவரை. 'மனைவியை மனமுவந்து அனுப்பிய பெருந்தன்மையாளர்' என்று சொல்லி சால்வை போர்த்தினார்கள். அவரே கூச்சத்தில் நெளிந்தார். அக்கா கீழே மூன்றாவது வரிசையில் இருந்தாள்.

நான் எழுந்து, "மஜ்ஜை குடுத்தவங்க இங்க உக்காந்திருக்காங்க" என்று உரக்கச் சொன்னேன். கைதட்டலில் அது பாதிப் பேருக்குக் கேட்கவில்லை. கேட்டவர்கள் என்னைத்தான் முறைத்தார்கள்.

"விடுங்க மேடம்" என்று அவள் என் கையைப் பிடித்து இழுத்தாள். "எனக்கு ரெண்டாவது ஷிப்ட் இருக்கு, நேரமாச்சு."

அவள் விட்டுவிட்டாள். என்னால் முடியவில்லை. இப்போதெல்லாம் பொருத்தம் பார்த்த அறிக்கை அனுப்பும்போது, கொடுக்கப்போவது பெண்ணாக இருந்தால் நானே கூப்பிட்டுச் சொல்கிறேன்: உன் கையெழுத்து போதும், வேறு யார் கையெழுத்தையாவது கேட்டால் எனக்குப் போன் செய். ஆராய்ச்சியாளருக்கு இது வேலையில்லை என்று மேலே இரண்டு முறை புகார் போயிருக்கிறது. போகட்டும்.